சுண்ணப் படிகத்தின் வயது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: யுரேனியம்-ஈயம் முறையில் வயது பார்க்க சிர்கான் படிகம்தான் ஏற்றது என்று பாடநூலில் படித்தேன். சுண்ணப் படிகமான கால்சைட்டில் அந்த அளவுக்கு யுரேனியம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, ஆனால் மிகக் குறைவு. சிர்கானில் யுரேனியம் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் கிடைக்கும். பாறை வெடிப்புகளை நிரப்பிய கால்சைட்டிலோ பல வேளை 1 பிபிஎம் கூடத் தேறாது. சில மாதிரிகளில் 10, 20 பிபிபிதான். பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. பவளப் பூச்சிகள் கட்டும் அரகோனைட்டில் (அதே கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவம்) ஏறக்குறைய 3 பிபிஎம் இருக்கும். குகைப் படிவுகளில் இந்த அளவு இடத்துக்கு இடம் பெரிதும் மாறும்.

குறைவு என்பதன் பொருளைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். யுரேனியம்-238 ஈயம்-206 ஆக மாறுகிறது. அதன் அரை ஆயுள் 446.8 கோடி ஆண்டு. யுரேனியம்-235 ஈயம்-207 ஆக மாறுகிறது. அதன் அரை ஆயுள் 70.4 கோடி ஆண்டு. 1 பிபிஎம் யுரேனியம் உள்ள ஒரு கால்சைட் 10 கோடி ஆண்டு கடந்தால், அதில் புதிதாகப் பிறந்திருக்கும் ஈயம்-206 வெறும் 13 பிபிபி. 1 கோடி ஆண்டுதான் கடந்திருக்கிறது என்றால் 1.3 பிபிபி.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிர்கான் வளரும்போது ஈயத்தை ஏறக்குறைய முழுதாக ஒதுக்கிவிடும். கால்சைட் அப்படி ஒதுக்குவதில்லை. படிகம் வளர்ந்த நாளிலேயே நீரிலிருந்து கொஞ்சம் ஈயம் உள்ளே புகுந்துவிடுகிறது. அதைத் தொடக்க ஈயம் என்போம். 100 பிபிபி தொடக்க ஈயம் இருந்தால் அதில் ஏறக்குறைய 25 பிபிபி ஈயம்-206தான். அந்த 25-ஐயும் புதிதாகப் பிறந்த 13-ஐயும் பிரித்தறிவதே இந்த முறையின் மொத்தச் சவால்.

இருந்தும் இவ்வளவு பாடுபடக் காரணம் இருக்கிறது. பாறைக்குழம்பு எப்போது உறைந்தது என்பதை சிர்கான் சொல்லும். ஒரு பிளவு எப்போது நகர்ந்தது, அதன் வழியே நீர் எப்போது பாய்ந்தது, குகையில் எப்போது சொட்டு விழுந்தது என்பதைச் சொல்லாது. அந்த நிகழ்வுகளின்போது அங்கேயே வளர்ந்த கனிமம் கால்சைட் போன்ற கார்பனேட்தான்.

கேள்வி: கார்பன்-14, யுரேனியம்-தோரியம் ஆகிய முறைகள் இருக்கின்றனவே, அவை போதாதா?

பதில்: கார்பன்-14 ஏறக்குறைய 50,000 ஆண்டு வரை. யுரேனியம்-தோரியம் 5, 6 லட்சம் ஆண்டு வரை. அதற்கு அப்பால் கார்பனேட்டின் வயதை நேரடியாகச் சொல்ல யுரேனியம்-ஈயமே முதல் வழி. அதிலும் இளம் மாதிரிகளுக்குத் தனித் திருத்தம் தேவை. அது பற்றிக் கீழே வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கேள்வி: தொடக்க ஈயத்தின் அளவு தெரியாதபோது அதை எப்படிக் கழிக்கிறார்கள்? ஈயம்-204-ஐ அளந்தால் போதாதா?

பதில்: ஈயம்-204 கதிரியக்கத்தால் உருவாவதில்லை என்பதால் கொள்கையளவில் அது சரியான அளவுகோல்தான். மாதிரியை அமிலத்தில் கரைத்து அளக்கும் முறையில் அதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். படிகத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு, கிளம்பும் துகளை அளக்கும் லேசர் முறையில் சிக்கல் வருகிறது. கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவிலேயே துளிப் பாதரசம் இருக்கும். பாதரசம்-204 அதே நிறையில் வந்து நிற்கும். பிபிபி அளவு ஈயத்தில் ஈயம்-204-இன் பங்கு ஒன்றரை விழுக்காட்டுக்கும் கீழே. பாதரசத்தைக் கழித்த பின் மிஞ்சும் எண்ணை நம்ப முடியாது.

அதனால் 204 இல்லாமலே வேலையை முடிக்கும் வரைபடம் ஒன்று உண்டு. 1972-இல் நிலவுப் பாறைகளுக்காக டெரா, வாசர்பர்க் என்ற ஆய்வாளர்கள் கையாண்டது. கிடை அச்சில் யுரேனியம்-238 / ஈயம்-206, நெடு அச்சில் ஈயம்-207 / ஈயம்-206. யுரேனியமே இல்லாத, தொடக்க ஈயம் மட்டுமே உள்ள புள்ளி நெடு அச்சின் மேலேயே விழும். இன்றைய மேலோட்டின் சராசரி ஈயத்துக்கு அந்த மதிப்பு 0.836 அருகில். தொடக்க ஈயமே இல்லாத புள்ளி கான்கார்டியா வளைவின் (இரு யுரேனியக் கடிகாரங்களும் ஒரே வயதைக் காட்டும் புள்ளிகளின் கோடு) மேல் விழும். 10 கோடி ஆண்டு வயதுக்கு அந்த இடம் கிடை அச்சில் 64, நெடு அச்சில் 0.048.

உண்மையான படிகத்தில் ஒவ்வொரு புள்ளியும் இந்த இரண்டு முனைகளின் கலவை. ஒரே காலத்தில், ஒரே நீரிலிருந்து வளர்ந்து, பிறகு எதையும் இழக்காமலும் சேர்க்காமலும் இருந்திருந்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். கோடு மேலே நெடு அச்சைத் தொடும் இடம் தொடக்க ஈயத்தின் விகிதம். கீழே வளைவை வெட்டும் இடம் வயது. தொடக்க ஈயத்தை முன்கூட்டி அறிந்திருக்க வேண்டியதில்லை, கோடே சொல்லிவிடும்.

ஆனால் அதற்கு விலை உண்டு. கோடு நிற்க வேண்டுமானால் புள்ளிகள் பரந்து கிடக்க வேண்டும். இந்த முறையில் வயதின் தரத்தைத் தீர்மானிப்பது கருவியின் நுட்பத்தை விட இந்தப் பரவல்தான்.

கேள்வி: நான் முதுகலை நிலவியல் மாணவி. பிளவு ஒன்றை நிரப்பிய கால்சைட் துண்டுகளை எடுத்து வந்திருக்கிறேன். லேசர் ஐசிபி-எம்எஸ் கருவியில் (லேசர் கிளப்பும் துகளை அயனியாக்கி நிறைவாரியாக எண்ணும் கருவி) நேரம் கிடைத்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நுண்ணோக்கியிலிருந்து. கருவிக்குப் போகும் முன் செய்யும் வேலைதான் முக்கால் பங்கு.

முதலில் அந்தப் படிகம் எந்த நிகழ்வைச் சேர்ந்தது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிளவு நகர்ந்தபோதே அதன் சறுக்கு முகத்தில் வரி வரியாக வளர்ந்த கால்சைட்டும், பல கோடி ஆண்டு கழித்துத் திறந்த வெற்றிடத்தில் நிதானமாக வளர்ந்த கால்சைட்டும் ஒரே கைத்துண்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதலாவது பிளவின் வயதைத் தரும். இரண்டாவது பிளவு அதற்கு முன்பே இருந்தது என்பதை மட்டும் தரும். ஃபாரோ தீவுகளின் பிளவுகளில் வளர்ந்த கால்சைட்டைக் கொண்டு 2016-இல் வெளியான ஆய்வு இந்தத் துறைக்குப் பெரிய ஊக்கம் தந்தது. அதைப் பின்பற்றும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

துண்டை வைரவாளால் அறுத்து, எபாக்சியில் பதித்து, மெருகேற்றுங்கள். வழக்கமான 30 மைக்ரான் மென்தகடு வேண்டாம். லேசர் அதைத் துளைத்துக் கண்ணாடிக்குப் போய்விடும். 100 மைக்ரானுக்கு மேல் தடிமன் வேண்டும். மெருகேற்றிய கட்டியாகவே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கடைசியில் மீயொலிக் குளியலில் தூய நீரில் கழுவுங்கள். மெருகுத் தூளிலிருந்தும் விரலிலிருந்தும் ஒட்டும் ஈயம், உங்கள் மாதிரியில் உள்ள மொத்த ஈயத்தையும் விஞ்சிவிடும்.

அடுத்து கேதோடொளிர்வுப் படம், அதாவது எலக்ட்ரான் கற்றை பட்டுப் படிகம் ஒளிர்வதைப் பிடிக்கும் படம். மாங்கனீசு ஒளியைத் தூண்டும், இரும்பு அணைக்கும். அதனால் வளர்ச்சி வளையங்களும் பின்னர் மாறிய திட்டுகளும் தனித்தனி நிறமாகத் தெரியும். வளையங்கள் கூர்மையாக இருக்கும் இடம் நல்ல இடம். திட்டுத் திட்டாகக் கலங்கிய இடம் மறுபடிகமாகியிருக்கலாம். களிமண் கீற்று, இரும்பு ஆக்சைடு, விரிசல் ஆகியவற்றைத் தவிருங்கள். அவை தொடக்க ஈயத்தையும் தோரியத்தையும் கொண்டுவரும்.

பிறகு ஒரு முன்னோட்டம். நாள் முழுக்க ஒரே மாதிரியில் புள்ளி வைப்பதற்கு முன், எல்லாத் துண்டுகளிலும் சில கோடுகளை வேகமாக ஓட்டி யுரேனியமும் ஈயமும் எங்கே எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். யுரேனியம் 10 பிபிபிக்குக் கீழே, ஈயம் அதை விடக் கூடுதல் என்றால் அந்தத் துண்டை விட்டுவிடுவதே நேர மிச்சம். பத்துத் துண்டில் இரண்டு, மூன்று மட்டும் தேறினால் சோர்ந்துபோக வேண்டாம், அது இயல்பு.

அளவீட்டுக்கு 193 நானோமீட்டர் லேசர், 100 முதல் 200 மைக்ரான் வட்டப் புள்ளி, நொடிக்கு 8 முதல் 10 துடிப்பு என்று தொடங்கலாம். ஆற்றல் செறிவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். உங்களுடையதில் நிலைப்படுத்திய மதிப்பையே கடைசி வரை மாற்றாமல் வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் முதலில் சற்றுப் பெரிய வட்டத்தில் 4, 5 துடிப்பு கொடுத்து மேற்பரப்பு அழுக்கை நீக்கி, அது கலைந்து போக விட்டு, வெற்று வாயுவைச் சில நொடி அளந்து, பின் 25 முதல் 30 நொடி சுடுங்கள். 206, 207, 208, 232, 238 ஆகிய நிறைகளைப் பாருங்கள். மிக மெலிந்த 207-க்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். 235-ஐ அளக்க வேண்டியதில்லை. 238-ஐ 137.818-ஆல் வகுத்தால் போதும்.

எவ்வளவு சிறிய பொருளோடு மல்லுக்கட்டுகிறோம் என்பதையும் மனதில் கொள்ளுங்கள். 100 மைக்ரான் அகலம், 30 மைக்ரான் ஆழமுள்ள குழியிலிருந்து கிளம்பும் கால்சைட் 0.64 மைக்ரோகிராம். முன்பு சொன்ன 13 பிபிபி கணக்கில் அதிலுள்ள புது ஈயம்-206 ஏறக்குறைய 8 ஃபெம்டோகிராம் (ஒரு ஃபெம்டோகிராம் என்பது மைக்ரோகிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). அதனால்தான் புள்ளியைப் பெரிதாக வைக்கச் சொல்கிறோம். ஆனால் வட்டம் இரண்டு வளையங்களின் மேல் விழுந்தால் பரவல் சராசரியாகிச் சுருங்கிவிடும். வளையத்தின் அகலத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய புள்ளியே சரியான புள்ளி. மாதிரிக்கு 40 புள்ளியாவது வையுங்கள்.

கேள்வி: தரப்படுத்த என்.ஐ.எஸ்.டி. கண்ணாடியும் (அமெரிக்கத் தர நிறுவனம் தரும் ஒப்பீட்டுக் கண்ணாடி) கால்சைட்டும் இரண்டுமே ஏன்? ஒன்று போதாதா?

பதில்: கண்ணாடியில் ஈயம் தாராளம். என்.ஐ.எஸ்.டி. 614-இல் 2.3 பிபிஎம் ஈயமும் 0.8 பிபிஎம் யுரேனியமும் சீராகப் பரவியுள்ளன. ஈயம்-207 / ஈயம்-206 விகிதத்தின் நகர்வைத் திருத்த அது போதும், ஏனென்றால் ஒரே தனிமத்தின் இரு ஐசோடோப்புகள் லேசரில் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். யுரேனியமும் ஈயமும் வெவ்வேறு தனிமங்கள். குழி ஆழமாக ஆழமாக அவை பிரிந்து நடக்கும், அந்தப் பிரிவு கண்ணாடியில் ஒரு மாதிரி, கால்சைட்டில் வேறு மாதிரி. கண்ணாடியை மட்டும் நம்பினால் வயது பல விழுக்காடு தவறும்.

அதனால் யுரேனியம் / ஈயம் விகிதத்தை வயது தெரிந்த கால்சைட்டோடு ஒப்பிட்டே திருத்த வேண்டும். பரவலாகப் புழங்குவது டபிள்யூசி-1. டெக்சாஸின் பெர்மியன் காலப் பாறைத்தொடரிலிருந்து எடுத்தது, வயது 25.44 கோடி ஆண்டு, பிழை 64 லட்சம். இந்தப் பிழை 2.5 விழுக்காடு. அதை அடிப்படையாக வைத்துக் கிடைக்கும் எந்த வயதும் முழுப் பிழைக் கணக்கில் அதை விடத் துல்லியமாக இருக்க முடியாது. சரிபார்ப்புக்கு இரண்டாவது கால்சைட் ஒன்றையும் தெரியாத மாதிரி போலவே ஓட்டுங்கள். 6.4 கோடி ஆண்டு வயதுள்ள டஃப் பிரௌன் டேங்க், 29.65 லட்சம் ஆண்டு வயதுள்ள ஏஎஸ்எச்-15 ஆகியவை உண்டு. உங்கள் மாதிரியின் வயதுக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

குழியின் அகலமும் ஆழமும் திருத்தத்தைப் பாதிக்கும். ஆகவே தரக் கால்சைட்டுக்கு ஒரு வட்டம், மாதிரிக்கு வேறு வட்டம் என்று வைப்பது தவறு. மக்னீசியமும் கலந்த கார்பனேட்டான டோலமைட் கால்சைட் போலக் குழிவதில்லை. கால்சைட்டை வைத்துத் திருத்திய டோலமைட் வயதில் சில விழுக்காடு சாய்வு ஒளிந்திருக்கலாம். அதைக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

கேள்வி: என் 45 புள்ளிகளும் வரைபடத்தின் மேல் இடது மூலையில் கொத்தாக நிற்கின்றன. தொடக்க ஈயத்தை 0.836 என்று பொருத்திக் கோடு போட்டால் 9 கோடி ஆண்டு வருகிறது. இதை வெளியிடலாமா?

பதில்: இந்த நிலையில் வேண்டாம். காரணத்தை எண்ணிலேயே பாருங்கள். உண்மை வயது 10 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளியில் ஈயம்-206-இன் 10 விழுக்காடு மட்டுமே புதிது. உண்மையான தொடக்க விகிதம் 0.836, ஆனால் நீங்கள் பொருத்தியது 0.828. வேறுபாடு 1 விழுக்காடுதான். கிடைக்கும் வயதோ 9.1 கோடி. அதே தவறை, 80 விழுக்காடு புதிய ஈயம் உள்ள புள்ளியில் செய்தால் வயது கால் விழுக்காடு அளவே மாறும். கொத்து மேல் மூலையில் இருக்கும்போது நீங்கள் எழுதுவது படிகத்தின் வயதல்ல, உங்கள் ஊகத்தின் வயது.

பழைய கண்டப் பாறைகள் வழியே வந்த நீரின் ஈயம் 0.836-இலிருந்து நன்றாகவே விலகும். பொருத்தித்தான் ஆக வேண்டும் என்றால் அதே கால்சைட் நரம்பில் கூடவே வளர்ந்த பைரைட் கனிமத்திலோ கலீனா என்ற ஈயத் தாதுவிலோ அந்த விகிதத்தை அளந்து பொருத்துங்கள். அதை விடச் சிறந்தது, யுரேனியம் கூடிய வளையத்தைத் தேடுவது. அதே துண்டின் வேறு தலைமுறைக் கால்சைட்டைத் தேடிப் போய்விடாதீர்கள். இரண்டு தலைமுறைப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால் அழகான, பொருளற்ற கோடு ஒன்று கிடைக்கும்.

கேள்வி: புள்ளிகள் கோட்டிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் எம்.எஸ்.டபிள்யூ.டி. 4 வந்தால் வயதைத் தூக்கி எறிய வேண்டுமா?

பதில்: எறியும் முன் ஏன் என்று தேடுங்கள். 40 புள்ளிக்கு எதிர்பார்க்கும் வரம்பு ஏறக்குறைய 0.5 முதல் 1.5. 4 என்றால் அளவீட்டுப் பிழையைத் தாண்டிய சிதறல் இருக்கிறது. கேதோடொளிர்வுப் படத்தின் மேல் புள்ளிகளைக் குறித்துப் பாருங்கள். விலகி நிற்பவை ஒரே திட்டிலோ விரிசல் ஓரத்திலோ இருந்தால், அந்தக் காரணத்தைச் சொல்லி அவற்றை நீக்கலாம். காரணம் இல்லாமல், எண் குறையும் வரை ஒவ்வொன்றாக நீக்குவது கூடாது.

பொதுவான குற்றவாளி யுரேனியத்தின் நடமாட்டம். ஆக்சிஜன் கலந்த நீரில் அது கார்பனேட்டோடு சேர்ந்து எளிதாகக் கரைந்து போகும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் படிந்து நிற்கும். அரகோனைட் கால்சைட்டாக மாறும்போது யுரேனியத்தின் பெரும் பகுதி வெளியேறிவிடும். அப்போது கிடைப்பது மாற்றத்தின் வயது, ஓடு வளர்ந்த நாளின் வயதல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள்: மிகக் குறைந்த எம்.எஸ்.டபிள்யூ.டி. நற்செய்தியல்ல. பிழைகளைத் தேவைக்கு மேல் பெரிதாக எடுத்திருக்கிறீர்கள் என்பதற்கும் அது அறிகுறி.

கேள்வி: குகைப் படிவு ஒன்று 20 லட்சம் ஆண்டு வயதுடையது. இத்தகைய இளம் மாதிரிக்கு என்ன திருத்தம் செய்ய வேண்டும்?

பதில்: யுரேனியம்-238-இலிருந்து ஈயம்-206 வரையுள்ள வழியில் யுரேனியம்-234, தோரியம்-230 என்று இரண்டு நீண்ட நிறுத்தங்கள். அரை ஆயுள் முறையே 2.45 லட்சம், 75,600 ஆண்டு. இவை சமநிலையில் (பிறக்கும் அளவும் சிதையும் அளவும் ஒன்றாக) தொடங்கியதாக எண்ணி வயது கணக்கிட்டால் இரண்டு தவறுகள் நுழையும்.

தோரியம் நீரில் கரையாது. அதனால் படிகம் பிறக்கும்போது தோரியம்-230 ஏறக்குறைய பூச்சியம். அந்தக் குறையால் வயது 1.09 லட்சம் ஆண்டு குறைவாகத் தெரியும். குகை நீரிலோ யுரேனியம்-234 மிகையாக இருப்பது வழக்கம். தொடக்கத்தில் 234 / 238 செயல்பாட்டு விகிதம் (இரண்டும் சிதையும் வேகங்களின் விகிதம், சமநிலையில் 1) 2 என்றால் வயது 3.54 லட்சம் ஆண்டு கூடுதலாகத் தெரியும். இரண்டையும் சேர்த்தால் 2.45 லட்சம் மிகை. உங்கள் 20 லட்சம் ஆண்டுப் படிவு 22.45 லட்சம் என்று காட்டும். அதே விகிதம் 1.3 ஆக இருந்தால் இரண்டு தவறும் ஏறக்குறைய ஒன்றையொன்று தின்றுவிடும். கடல்நீரில் விகிதம் 1.145 அளவில் இருப்பதால் கடற்படிவுகள் ஏறக்குறைய 58,000 ஆண்டு இளமையாகத் தெரியும். 10 கோடி ஆண்டு மாதிரியில் இவை எல்லாம் பிழைக்குள் மறைந்துவிடும்.

தொடக்க விகிதத்தை எப்படி அறிவது? இன்று மிஞ்சியுள்ள மிகையை அளந்து பின்னோக்கிக் கணக்கிடலாம். பத்து அரை ஆயுள், அதாவது ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டு கடந்தால் மிகையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்குப் பின் அளவீடு கைகொடுக்காது. அதே குகையின் இளம் படிவுகளில் அளந்த விகிதங்களின் வரம்பை எடுத்துக்கொண்டு, அந்த வரம்பு முழுவதையும் வயதுப் பிழையில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: தொல்லெலும்பின் மேல் படிந்த சுண்ணப் படிவின் வயதுதானே எலும்பின் வயது?

பதில்: இல்லை. படிவு எலும்புக்கு மேலே அடுக்காகப் படிந்தது உறுதியானால், எலும்பு அதைவிடப் பழையது என்ற வரம்பு மட்டும் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபோன்டைன் குகையில் லிட்டில் ஃபுட் என்ற எலும்புக்கூட்டைச் சுற்றிய சுண்ணப் படலங்களுக்கு 2006-இல் யுரேனியம்-ஈய முறையில் 22 லட்சம் ஆண்டு கிடைத்தது. எலும்பு கிடந்த வண்டல் கீழே சரிந்து, அந்த வெற்றிடத்தில் படலங்கள் பின்னரே நிரம்பின என்று 2014-இல் அடுக்குகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். அடுத்த ஆண்டு வண்டலின் குவார்ட்சில் அலுமினியம்-26, பெரிலியம்-10 அளந்து 36.7 லட்சம் ஆண்டு என்று வெளியிட்டார்கள். 2006-இன் எண் படலத்துக்குப் பொருந்தும். அதை எலும்புக்கு ஏற்றியதே சிக்கல்.

கேள்வி: லேசரா, கரைத்து அளப்பதா?

பதில்: முதலில் லேசர், தேவைப்பட்டால் அதன் பின் கரைப்பு. கால்சைட்டை லேசரால் அளக்கலாம் என்று 2014-இல் வெளியான ஆய்வுக்கு முன் எல்லாமே கரைப்புதான். 1987-இல் ஜிம்பாப்வேயின் பழைய சுண்ணாம்புப் பாறைக்கு ஈய ஐசோடோப்புகளால் வயது கண்டதும், 1989-இல் யுரேனியம்-238 / ஈயம்-206 முறையைப் படிவுப் பாறைக்குக் கொண்டுவந்ததும் அந்த வழியில்தான்.

கரைப்பில் பல பத்து முதல் சில நூறு மில்லிகிராம் வரை துளையிட்டு எடுத்து, நீர்த்த அமிலத்தில் கரைத்து, ஈயம்-205-உம் யுரேனியம்-233-உம் போன்ற அளவறிந்த ஐசோடோப்புகளைக் கலந்து, அயனிப் பரிமாற்றப் பிசினில் ஈயத்தையும் யுரேனியத்தையும் பிரித்து அளப்பார்கள். 10 பிபிபி ஈயமுள்ள மாதிரியில் 100 மில்லிகிராமுக்கு 1000 பிகோகிராம் ஈயம். அமிலம், குடுவை, காற்று ஆகியவற்றிலிருந்து 10 பிகோகிராம் சேர்ந்தாலே 1 விழுக்காடு. அதனால் ஒவ்வொரு தொகுதியோடும் வெற்று மாதிரி ஓட்டியே ஆக வேண்டும். துல்லியம் லேசரைவிட மேல். ஆனால் 100 மில்லிகிராமுக்குள் எத்தனை வளையங்கள் கலந்தன என்று தெரியாது. லேசர் படம் காட்டிய நல்ல வளையத்திலிருந்து மட்டும் துளையிட்டால் இரண்டின் பலனும் கிடைக்கும்.

கேள்வி: கட்டுரையில் வயதை எழுதும்போது எவற்றை விடக் கூடாது?

பதில்: வயதோடு இரண்டு பிழைகள் வேண்டும்: அந்த அளவீட்டுக்குள் மட்டும் உள்ள பிழை ஒன்று, தரக் கால்சைட்டின் வயதுப் பிழையும் சிதைவு மாறிலியின் பிழையும் சேர்ந்த முழுப் பிழை மற்றொன்று. ஒரே நாளில் ஓட்டிய இரு மாதிரிகளை ஒப்பிட முதலாவது, வேறு முறையில் வந்த வயதோடு ஒப்பிட இரண்டாவது. பிறகு புள்ளிகளின் எண்ணிக்கை, நீக்கியவை, நீக்கிய காரணம், எம்.எஸ்.டபிள்யூ.டி., தொடக்க ஈய விகிதம் கோட்டிலிருந்து வந்ததா பொருத்தியதா என்பது, சரிபார்ப்புக் கால்சைட்டுக்கு அன்று கிடைத்த வயது, புள்ளி அகலம். நீக்கிய புள்ளிகளையும் சேர்த்த முழு அட்டவணையும், புள்ளிகளைக் குறித்த கேதோடொளிர்வுப் படமும் கூடவே போக வேண்டும்.